பேர் ஒன்றுதான், கப்பல் ஒன்றல்ல

நேற்று முழுக்க எல்லார் டைம்லைனிலும் சுற்றிய அந்தப் படத்தைப் பற்றித்தான். “பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை மூழ்கடித்த ஐ.என்.எஸ். ராஜ்புத்” என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஏவுகணைகளோடு கம்பீரமாக ஒரு கப்பல். அதன் பக்கவாட்டில் டி 51 என்று எண் பளிச்சென்று தெரிகிறது. “ஐயா, இது வேற ராஜ்புத்” என்று பணிவாகத்தான் எழுதினேன். “பேர் ஒண்ணுதானே சார், விடுங்க” என்று பதில் வந்தது. கூடவே மூன்று சிரிப்புப் பொம்மை. அப்புறம் பிளாக்.

விட முடியவில்லை, மன்னிக்கவும்.

படத்தில் இருப்பது சோவியத் நாட்டில் கட்டி 1980-இல் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல். 2021 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. நல்ல கப்பல், குறை சொல்லவில்லை. ஆனால் பாகிஸ்தானோடு போர் நடந்து காஸி மூழ்கிய 1971 டிசம்பரில் அது பிறக்கவே இல்லை. காஸி மூழ்கிய அந்த இரவில் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது டி 141, பழைய ராஜ்புத். அதன் முதல் பெயர் ராதர்ஹாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டி 1942 மார்ச்சில் நீரில் இறக்கினார்கள். பிரிட்டனின் ஆர் வரிசை டெஸ்ட்ராயர்கள் (வேகமான போர்க்கப்பல்கள்) எட்டில் அதுதான் தலைமைக் கப்பல். எட்டில் மூன்றை இந்தியா 1949-இல் வாங்கியது. ராதர்ஹாம் ராஜ்புத் ஆனது, ரிடவுட் ரஞ்சித் ஆனது, ரெய்டர் ராணா ஆனது. (ராதர்ஹாம் நீரில் இறங்கிய இரண்டு வாரத்தில்தான் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல?)

இந்த வரிசையே அவசரத்துக்குக் கட்டியது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டன் ‘அவசரகாலத் திட்டம்’ என்று ஒன்று போட்டு, புது வடிவமைப்புக்கெல்லாம் நேரமில்லை, கையில் இருப்பதை வைத்துக் கட்டு என்றது. ஏற்கெனவே பழகிய ஜே வரிசை டெஸ்ட்ராயரின் உடல், 4.7 அங்குலப் பீரங்கி நான்கு, டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு) விடும் குழாய் எட்டு, 40,000 குதிரைத் திறன் எஞ்சின். வேகம் 36 நாட், மணிக்குக் கிட்டத்தட்ட 67 கிலோமீட்டர். பீரங்கியை 40 டிகிரிக்கு மேல் நிமிர்த்த முடியாது, அதனால் தலைக்கு மேலே பாய்ந்து வரும் விமானத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கட்டியவர்களுக்கும் தெரியும். ஒரே ஒரு விஷயத்தில் யோசித்திருக்கிறார்கள்: முந்தைய கப்பல்களில் பின்கோடியில் இருந்த அதிகாரிகள் தங்குமிடத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். புயலில் மேல்தளத்தில் அலை அடிக்கும்போது பின்னாலிருந்து, கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜுக்கு வருவதற்குள் ஆள் போய்விடுவானே!

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா அந்தப் பழைய ராஜ்புத்தில் ஸ்டோக்கர், பாய்லர் தீயைக் கவனிக்கிற ஆள். அறுபதுகளில். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பாய்லர் ரூமுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவார்களாம், உள்ளே போக ஏர்லாக் உண்டு. “காதுல பஞ்சு வெச்ச மாதிரி அடைக்கும்லே. ரெண்டு கதவு. ஒண்ணச் சாத்திட்டுத்தான் அடுத்ததத் தொறக்கணும். ரெண்டையும் தொறந்தா தீ வெளிய வந்து மூஞ்சப் பாத்துட்டுப் போவும்” என்பார். புகை கறுப்பாகப் போனால் மேலேயிருந்து திட்டு, வெள்ளையாகப் போனாலும் திட்டு. கடைசி வரை அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. இந்தப் ‘பேர் ஒண்ணுதானே’யை அந்தக் காதில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, 1971. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. அதைத் தேடித்தான் காஸி வருகிறது என்று கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் கணித்தார். ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல் ரேடியோவில் பேச வைத்தார். கரையில் விக்ராந்துக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் போட்டார். யோசித்துப் பாருங்கள், இருபத்தொன்பது வயதுக் கப்பல், ஓய்வுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்த கப்பல், தூண்டில் புழுவாக. அப்புறம் டிசம்பர் 3 நள்ளிரவில் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் மறுபடி அதைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்கிறார். முன்னால் தண்ணீர் கலங்குவதைக் காவலுக்கு நின்றவர் பார்க்கிறார். வேகமெடுத்துப் போய் இரண்டு ஆழக்குண்டு (நீருக்குள் இறங்கி வெடிப்பது) போடுகிறார்கள். சிறிது நேரத்தில் பெரிய வெடிப்பு, நகரத்தில் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன.

உடனே ஒருவர் வருவார்: “காஸி தான் போட்ட கண்ணிவெடியிலேயே மாட்டி வெடித்ததாகச் சொல்கிறார்களே?” பாகிஸ்தான் அப்படித்தான் சொல்கிறது. நம் பக்கத்திலும் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். தூண்டிலாகப் போனது எந்தக் கப்பல்? அதில் சண்டை உண்டா? இல்லை. அவ்வளவுதான் என் கேள்வி.

இன்னொருவர்: “வெள்ளைக்காரன் கழித்துப் போட்ட கப்பலுக்கு என்ன இவ்வளவு பெருமை?” அருமை. காஸி மட்டும் கராச்சியிலா செய்தது? அமெரிக்கா 1944-இல் நீரில் இறக்கிய டையாப்ளோதானே அது? விசாகப்பட்டினத்து வாசலில் மோதிக்கொண்டது இரண்டுமே அடுத்தவன் போருக்குக் கட்டிய கப்பல்கள். கழித்துப் போட்டது என்று ஈசியாகச் சொல்லலாம். அதன் பாய்லருக்குத் தீனி போட்டவன் கழித்துப் போட்டவனா? புது ராஜ்புத்தில் பிரம்மோஸ் ஏவுகணை இருந்தது, படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது, லைக் விழும். பழைய ராஜ்புத்திடம் என்ன இருந்தது, துருவும் ஃபர்னஸ் ஆயில் நாற்றமும்தான். அதனால் படத்தை மாற்றிவிடலாம். இப்படித்தானே எல்லாவற்றையும் செய்கிறோம்? வேலை செய்தவன் ஒருத்தன், மேடையில் மாலை வாங்குகிறவன் ஒருத்தன். இப்போது நான் கப்பலைப் பற்றித்தான் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

காஸி செய்தி ரேடியோவில் வந்தபோது பெரியப்பா ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. தெருவே கொண்டாடியது. அவர் மட்டும் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று கேட்டாராம். தொண்ணூறு பேருக்கு மேல். “அங்கயும் இஞ்சின் ரூம்ல ஆள் இருந்திருப்பாம்லா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனார் என்று பெரியம்மா சொல்வார்.

1976-இல் பழைய ராஜ்புத்தை உடைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. கொச்சியில் எடுத்தது, பெரியப்பா வெள்ளை யூனிஃபார்மில், பின்னால் கப்பல். எண்ணில் ‘டி 14’ வரைக்கும் தெரிகிறது, கடைசி ஒன்று அவர் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. ஸ்கேன் பண்ணி முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். பிளாக் ஆகாதவர்கள் யாராவது அந்த நண்பருக்கு அனுப்பிவிடுங்கள்.