தண்ணி எங்க போவும்?

பேஸ்மட்டம் நாலரை அடி. கடலூரில் இப்போது வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான், வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பதைத்தான் சொல்கிறார்கள், எத்தனை பெட்ரூம் என்பதெல்லாம் அப்புறம். தப்பு சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரைக்கும் தண்ணீர் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை மீறி நாணமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவன் நாலரை அடி கேட்காமல் வேறென்ன கேட்பான்? நானாக இருந்தாலும் கேட்பேன்.

ஆனால் எனக்கு இதில் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, பாண்டிச்சேரியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஒன்பது வருஷம் பிளான் வரைந்தவன். அப்போது கடலூரில் ஒரு சைட். தாழ்வான மனை, பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. செம்மண் லாரி லாரியாக வந்து கொட்டி மனையை மேடாக்கினோம். கொத்தனார் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்து, தூணில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடு பக்கத்து வீட்டு ஜன்னல் கட்டைக்கு நேராக இருந்தது. எங்கள் தரை, அவர்கள் ஜன்னல்! அந்த வீட்டு அம்மா வெளியே வந்து கோட்டைப் பார்த்தார், தன் ஜன்னலைப் பார்த்தார், "தம்பி, இந்த மோட்டுத் தண்ணியெல்லாம் எங்க போவும்?" என்று கேட்டார்.

"வடிஞ்சிடும்மா" என்றேன். எங்கே வடியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயந்திரம் ஆபீஸில் சொன்னபோது வந்த பதில், "காம்பவுண்டுக்கு வெளியே நடக்கறது நம்ம ஸ்கோப் கிடையாது." அதே வீட்டைத்தான் பிறகு பசுமை வீடு என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் சோலார் இருந்தது, வாசலில் மூங்கில் தொட்டி இருந்தது. தமிழ்நாட்டில் 2003லிருந்தே கட்டாயம் என்பதால் மழைநீர் சேகரிப்புக் குழியும் இருந்தது. சுற்றிலும் செட்பேக்கில், அதாவது சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே விடுகிற இடத்தில், ஒரு சாண் மண் தெரியாமல் பேவர் பிளாக். குழிக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆர்க்கிடெக்ட் என்று பேர் போட்டுக்கொள்ளவே 1972ஆம் வருஷச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களுக்கான 1989 நடத்தை விதிகளில் முதல் விதி என்ன தெரியுமா? செய்கிற தொழில், சுற்றுச்சூழலின் தரத்துக்கும் சமூகத்தின் எதிர்கால நலனுக்கும் பங்களிக்கிற பொறுப்போடு மோதக் கூடாது. அப்படியென்றால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஸ்கோப்பில் வருவாரா மாட்டாரா?

"கடலூரில் எத்தனை பேர் ஆர்க்கிடெக்டிடம் போகிறார்கள், மேஸ்திரியும் கையெழுத்து போடுகிற இன்ஜினியரும்தானே எல்லாம்" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பெரிய பள்ளி, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் எல்லாம் பெரும்பாலும் ஆர்க்கிடெக்டுகள் மேஜை வழியாகத்தான் வருகிறது. அவர்கள் இன்று வரைகிற எலிவேஷனை, அந்த முகப்பைத்தான் ரெண்டு மூணு வருஷத்தில் மேஸ்திரி போனில் காட்டி "இந்த மாடல் போட்டுடலாமா சார்" என்கிறார். மேற்கு வெயிலைப் பார்த்து முழுக் கண்ணாடி வைப்பதெல்லாம் மேஸ்திரி கண்டுபிடித்தது இல்லை சாமி.

இத்தனைக்கும் பாண்டிச்சேரியிலேயே கோல்கொண்டே என்கிற தங்கும் விடுதி இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களில் ஆர்க்கிடெக்ட் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, அவர் ஆபீஸைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமா சைட்டிலேயே தங்கி வேலை பார்த்தார். நீளப் பக்கம் ரெண்டும் வடக்கும் தெற்கும் பார்த்து, சுவர் முழுக்கத் திறந்து மூடுகிற கிடைச்சட்டங்கள். கூரையின் மேல் காற்று ஓட இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு வளைவு ஓடு. ஏசி இல்லாமல் குளிர்ந்து கிடக்கிற கான்கிரீட் கட்டடம். அழகை விடுங்கள், எனக்குப் பிடித்தது வேறு. தன் சூட்டைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போடாத கட்டடம் அது. நாம் என்ன செய்கிறோம்? மூணு அடி சந்தில் ஏசி அவுட்டோர் யூனிட்டை மாட்டி, எதிர் வீட்டு அடுப்படிக்குள் அனல் ஊதுகிறோம். பிளானில் அந்த அடுப்படி இருக்காது, நம் மனையின் கோட்டோடு தாள் முடிந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றுக்கு நண்பனோடு போயிருந்தேன். வரிசையாகக் கான்கிரீட் வீடுகள், உறுதியாகத்தான் இருக்கின்றன. வலை பின்ன, காயப்போட இடம்தான் இல்லை. பெரியவர் ஒருவர் ரோட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார், பைக் வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டு. பல வீட்டு வாசலில் அவர்களே கீற்றுக் கொட்டகை இறக்கிக்கொண்டார்கள். வரைவதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தால் அந்தக் கொட்டகை பிளானிலேயே வந்திருக்கும்.

இப்போது தனியாக வரைகிறேன். முதல் தாளிலேயே ரோடு மட்டம், ரெண்டு பக்கத்து வீட்டுத் தரை மட்டம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு அம்புக்குறி. போன மாதம் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வூட்டுக்கு நான் எதுக்குத் தம்பி செலவு பண்ணணும்?" என்றார். நியாயமான கேள்வி. மண்ணைக் கொட்டி மேடாக்காமல் தூண் மேல் எடுத்துவிடலாம், வெள்ளம் அடியிலேயே ஓடிவிடும், உங்கள் வீடும் நனையாது என்று அரை மணி நேரம் பேசினேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், "அப்போ அடியில கார் நிறுத்திக்கலாமா?" என்றார். நிறுத்தலாம் என்றேன். உடனே சரி என்றுவிட்டார்.

அந்த ஓட்டு வீட்டுப் பக்கமும் வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டால் ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அதைத் தாண்டி வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.