அறுத்தெறிந்தவர் யாரோ, கட்டி அழுபவன் நான்

ஒரு பழைய லேண்ட் குரூசரின் பானெட்டைத் திறந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் தொங்கும் ரப்பர் குழாயின் வாயில் மரவேலைக்கான இரும்புத் திருகாணி ஒன்று முறுக்கி அடைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டின் டொயோட்டா எஃப்ஜே60, 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் 2எஃப் என்ஜின். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்களும் அவர்களுக்கு வேலை பார்த்த மெக்கானிக்குகளும், டொயோட்டா பொறியாளர்கள் ஒவ்வொரு முனைக்கும் ஒரு காரணம் வைத்து இழுத்திருந்த வேக்குவம் (என்ஜினின் உறிஞ்சு விசை) குழாய்களை மனம்போன போக்கில் வெட்டி, ஒட்டி, அடைத்து, பாதியைப் பிடுங்கிக் குப்பையிலும் போட்டுவிட்டார்கள். எந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று காட்டும் வரைபடம் பானெட்டின் அடியிலேயே ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் பெயின்ட் அடித்த புண்ணியவானை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புகை மாசைக் குறைக்க வைத்த பாகங்களையும் குழாய்களையும் இப்படிப் பிடுங்கும் வேலைக்கு இங்கே "டீஸ்மாக்" என்று ஒரு பெயர் உண்டு. விற்பனை விளம்பரங்களில் அதை ஒரு தகுதியாகவே போடுகிறார்கள்: வேண்டாத குழாய்களெல்லாம் அகற்றப்பட்டன, என்ஜின் இப்போது சுதந்திரமாக மூச்சுவிடுகிறது, இழுவை கூடியிருக்கிறது. இதில் எதைத்தான் நம்புவது? புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பி எரிப்பு வெப்பத்தைக் குறைக்கும் இஜிஆர் வால்வை எடுத்துக்கொள்வோம். அதைத் திறக்கும் வேக்குவம், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திறந்து காற்றை விடும் த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே உள்ள துளையிலிருந்து வருகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அங்கே வேக்குவம் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்தினாலும் வேக்குவம் விழுந்துவிடும். இரண்டு நிலையிலும் வால்வு மூடியே இருக்கும். முழு இழுவை தேவைப்படும் நேரத்தில் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு, அதனால் இழுவை கூடியது என்று சொல்பவர் எதை அளந்து சொல்கிறார்? சீரான வேகத்தில் ஓடும்போது இஜிஆர் இருக்கும் என்ற கணக்கில்தான் இக்னிஷன் டைமிங்கே (தீப்பொறி விழும் நேரம்) அமைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு மேட்டில் ஏறும்போது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து என்ஜின் நாக்கிங் அடித்தால், குற்றம் பெட்ரோலின் மேல் போகிறது.

ஒருவர் செய்த தப்பை மறைக்க அடுத்தவர் இன்னொரு தப்பைச் செய்திருப்பதுதான் என்னை மிகவும் கொதிக்க வைக்கிறது. தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயை உரிய துளையிலிருந்து பிடுங்கி, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் நேராகச் செருகினால், ஐடிலிலேயே டைமிங் முன்னேறி, என்ஜின் வேகம் ஏறிவிடும். உடனே வேறொருவர் ஐடில் திருகைக் குறைக்கிறார். வெடித்துப்போன ஒரு குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் போதாமல் என்ஜின் திணறினால், ஓட்டையைத் தேடாமல் கலவைத் திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுகிறார். இப்போது கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடுகிறது, அதையும் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைக்கிறார்கள். முதலில் தேவைப்பட்டதோ ஒரு முழங்கூட வராத புது ரப்பர் குழாய்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில். இங்கே பழைய பெட்ரோல் வண்டிகளில் 1975 வரையிலான மாடல்களுக்குத்தான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. என் வண்டி போன்றவை ஈராண்டுக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். வெளிவரும் புகையின் அளவுகள் எல்லைக்குள் இருந்தாலும்கூட, கண்ணால் பார்க்கும் சோதனையில் ஒரு பாகம் காணாமலோ, ஒரு குழாய் பிரிந்தோ இருந்தால் தோல்விதான். இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வண்டிகளிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் லாஸ் ஏஞ்சலஸின் கண்ணெரிச்சல் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் இதே ஊரருகே, கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், காட்டினார். அந்த அறிவின் பலனாக வந்த பாகங்களைத்தான் "வேண்டாத சாமான்" என்று தூக்கி எறிகிறார்கள்.

சரி, பழையபடி அமைப்போம் என்று இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முட்டுக்கட்டை. கலிஃபோர்னியாவுக்கான வண்டியின் வரைபடம் வேறு, மற்ற மாநிலங்களுக்கானது வேறு. ஆண்டுக்கு ஆண்டும் மாறும். வெப்பத்தைப் பொறுத்துத் திறந்து மூடும் பைமெட்டல் வால்வின் பிளாஸ்டிக் முனைகள் நாற்பதாண்டு வெப்பத்தில் காய்ந்து, குழாயைச் சற்று இழுத்தாலே பட்டென்று முறிகின்றன. புதிதாக வாங்கலாம் என்றால் பல பாகங்களின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஒரு பக்கம் காற்றைத் தாராளமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் விடும் சின்னஞ்சிறு வால்வு ஒன்று என் வண்டியில் தப்பிப் பிழைத்திருந்தது. அதையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இஜிஆர் வால்வையும் அப்படித்தான். கைப்பம்பால் வேக்குவம் கொடுத்து, ஐடிலில் ஓடும் என்ஜின் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். தடுமாறவில்லை என்றால் உள்ளிருக்கும் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கலாம் அல்லது உள்வழி கரிபிடித்து அடைத்திருக்கலாம். இந்த எளிய சோதனையைக்கூடச் செய்யாமல், "இது எப்போதும் தொல்லை" என்று தகடு வைத்து அடைத்த மெக்கானிக் அதற்குக் கூலியும் வாங்கியிருப்பார்.

இதற்கு நடுவே, அழகுக்காக நீலத்திலும் சிவப்பிலும் சிலிக்கான் குழாய் போடும் ஒரு மோகம் வேறு. வெறும் காற்று போகும் இடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் கரிக் குடுவைக்குப் போகும் இணைப்பில் அதைப் போட்டால், பெட்ரோல் பட்டு ஊறி, உப்பி, நாளடைவில் கெட்டுவிடும். அங்கே பெட்ரோலைத் தாங்கும் ரப்பர்தான் போட வேண்டும் என்று சொன்னால், பழம்பஞ்சாங்கம் என்கிறார்கள்.

மிச்சப் புகையை எரிக்கக் காற்றை ஊதும் காற்றுப் பம்பு என்ஜினிலிருந்து கொஞ்சம் சக்தியை எடுக்கத்தான் செய்கிறது, பானெட்டுக்குள் நெரிசலும் உண்மைதான். அதற்காகப் பிடிக்காதவர் கழற்றிய சாமான்கள் எங்கே போகின்றன என்பதே என் கேள்வி. அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, எந்த முனை எதில் இருந்தது என்று ஒட்டுத்தாளில் எழுதி வைத்து, வண்டியோடு கொடுக்க எத்தனை நேரமாகும்? அதைக்கூடச் செய்யாதவர், வண்டியை இந்த மாநிலத்தில் பதிவு செய்ய முடியாது என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதட்டும், காணாமல் போன ஒவ்வொரு பாகத்தின் விலையையும் கேட்கும் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளட்டும்.