தழைச்சத்தைக் கடலில் விட்டுவிட்டு மூட்டையில் வாங்குகிறோம்

2022 ஏப்ரல் வெள்ளம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்துவிட்டுப் போனது. அப்புறம் மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வரும் நாளில் வாளி, கேன், சமையல் அண்டா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரைக் கழிவறைத் தொட்டியில் ஊற்றும்போது மனம் கேட்கவில்லை. ஒரு டம்ளர் மூத்திரத்தைத் தள்ள ஒரு வாளித் தண்ணீர் தேவைப்பட்டது. அதனால் மூடி போட்ட வாளி ஒன்றைக் குளியலறையில் வைத்தோம். நிறைந்தால் எங்கே கொட்டுவது என்று யோசித்தபோது, கொல்லையில் ஒரு வருடமாக மக்காமல் கிடந்த மாவிலைக் குவியல் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் குவியல் சூடேறியிருந்தது. இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் பிறகு திரும்பி வந்தது. வாளியை நாங்கள் எடுக்கவில்லை.

இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இலையை மக்க வைப்பது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால், தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஒரு பங்காவது வேண்டும். காய்ந்த இலையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து குறைவு. கரும்புச் சோகையும் மரத்தூளும் அதைவிட மோசம். சாப்பாடு நிறைய இருந்தும் உப்பில்லாத பந்தி மாதிரி, எதுவும் நகராது. மூத்திரத்தில் இருப்பது யூரியா. குவியலில் விழுந்ததும் அது அம்மோனியாவாக மாறி நுண்ணுயிர்களுக்கு உடனடி உணவாகிவிடும். அவை பெருகுகின்றன, குவியல் கொதிக்கிறது.

நாம் சாப்பிடும் தழைச்சத்தில் பெரும்பகுதி மலத்தில் போவதில்லை, மூத்திரத்தில்தான் போகிறது. ஒரு ஆள் வருடத்துக்குச் சுமார் 500 லிட்டர் கழிக்கிறார். அதில் ஏறக்குறைய 4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. கடையில் வாங்கும் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், அது கிட்டத்தட்ட 9 கிலோ யூரியாவுக்குச் சமம். எங்கள் வீட்டில் நால்வர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், இருக்கிறது. 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே மூத்திரத்தைக் காய்ச்சித்தான். இன்று அதே பாஸ்பரஸுக்காக நம் நாட்டின் பலபோர்வாவில் பாறையைத் தோண்டுகிறோம்.

எங்கள் அளவு இதுதான்: பத்துக் கிலோ காய்ந்த இலைக்கு ஒரு ஆளின் ஒரு வார மூத்திரம், அதாவது சுமார் பத்து லிட்டர். தழைச்சத்துக் கணக்கும் சரியாக வருகிறது, ஈரமும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. மொத்தமாக ஊற்றாமல், இலை ஒரு அடுக்கு போட்டு, பூவாளியால் பரவலாகத் தெளித்து, மேலே மறுபடி இலை போட்டு மூட வேண்டும். குவியல் நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சின்னக் குவியலில் சூடு நிற்காது. வாளியில் ரொம்ப நாள் தேக்கி வைக்காதீர்கள்; மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அந்த நெடி அம்மோனியா, நம் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். குவியலில் நெடி அடித்தால் இலை போதவில்லை, அவ்வளவுதான். காய்ந்த இலையையோ கிழித்த அட்டைப்பெட்டியையோ சேருங்கள், நின்றுவிடும்.

பிராய் (வெளியில் தணலில் இறைச்சி சுடுவது) சுட்ட சாம்பலை மட்டும் அதே நேரத்தில் கொட்டாதீர்கள். நானே செய்த தப்பு இது. சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மையைக் கூட்டி அம்மோனியாவைத் துரத்திவிடும். அன்று பக்கத்து வீடு வரை நெடி போனது. இன்னொன்று மழை. நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே கொட்டும் மழையில் திறந்த குவியலின் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போகும், மேலே பழைய தார்ப்பாய் போடுங்கள். செடிக்கு நேரடியாக ஊற்றினால் அதிலுள்ள உப்பும் அம்மோனியாவும் வேரைக் கருக்கும், அதற்குத் தண்ணீர் பல மடங்கு கலக்க வேண்டும். குவியலுக்கு அந்தக் கவலை குறைவு.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மகன் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்களில் அவன் வாளிப் பக்கமே போகவில்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும், சிறுநீர்த் தொற்று இருப்பவர்களும் கூடாது. நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் பில்ஹார்சியா என்ற புழு நோய் இன்னும் இருக்கிறது. அந்தப் புழுவின் முட்டை மூத்திரத்தில் வெளியேறும், ஆற்றில் சேர்ந்தால் நத்தை வழியாகப் பிள்ளைகளுக்குத் திரும்ப வரும். ஓடைக்கரையில் குவியல் வைக்காதீர்கள். மூத்திரத்தில் ரத்தம் தெரிந்தால் உரத்தை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியில், சொந்த வீட்டுக்கு விளைவிப்பதானால் மூத்திரத்தைத் தேக்கி வைக்கத் தேவையில்லை என்றும், கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் ஒரு மாத இடைவெளி போதும் என்றும் இருக்கிறது. வெளியாருக்குக் கொடுப்பதானால் 20 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உன் மிளகாய்க்கும் சேப்பங்கிழங்குக்கும் என்ன வேணாலும் போட்டுக்கோப்பா, ஆடி மாசம் மாரியம்மாளுக்குப் போற கேந்திப்பூவுக்கு மட்டும் போடாதே" என்றார். "சரி பெரியம்மா" என்று கேந்திக்குத் தனிப் பாத்தி போட்டுவிட்டேன், அதற்கு மாட்டெரு மட்டும்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மூலை மூலையாகக் கோமியம் தெளித்தவர் அவர். மாட்டின் மூத்திரம் மண்ணுக்கு நல்லது என்று தெரிந்த குடும்பத்துக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நாள் ஆகாது என்று நம்புகிறேன். ஆனால் அவருடைய சாமிக்கான பாத்தியில் நான் வாதாட மாட்டேன்.

எனக்கு உண்மையில் வலிக்கும் விஷயம் வேறு. 2000 ஆகஸ்டில் தொடங்கிய காலரா குவாசுலு நட்டாலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. அதன் பிறகு டர்பன் நகராட்சி, கழிவுநீர்க் குழாய் எட்டாத ஓரங்களில் மூத்திரத்தைத் தனியே பிரிக்கும் உலர் கழிவறைகளை 70,000க்கும் மேல் கட்டிக் கொடுத்தது. 2010 வாக்கில் நம் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனமான எவாக்கும் நகராட்சியோடு சேர்ந்து, அந்த வீடுகளில் மூத்திரத்தைச் சேகரித்து உரமாக்கிப் பார்த்தன. திட்டத்தின் பெயர் வூனா, ஜூலு மொழியில் அறுவடை. அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த உரம் சுவிட்சர்லாந்தில் ஆரின் என்ற பெயரில் விற்பனையாகிறது.

ஆனால் அந்தக் கழிவறை கிடைத்த குடும்பங்கள் பலவும் தண்ணீர் ஊற்றும் கழிவறைதான் வேண்டும் என்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வசதியுள்ளவன் தண்ணீரில் தள்ளுவான், ஏழை வாளியில் பிடிக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மூத்திரத்தை உரமாக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டியவர்கள், குழாயும் தொட்டியும் கொல்லையும் உள்ள நாம். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வெருலத்திலும் எத்தனை வீட்டில் கறிவேப்பிலை மரமும் முருங்கையும் நிற்கின்றன! அத்தனை வீட்டிலும் இலை கூட்டிக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைக்கிறோம், அப்புறம் கடையில் உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிறோம்.

இந்த வாரம் மூன்றாவது குவியலைப் பிரித்தேன். மாவிலையின் நடு நரம்புகூட விரலில் பொடிகிறது, மழை பெய்த மண்ணின் வாசனை. தெருவில் யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை வாருங்கள். கம்பியைக் குவியலில் செருகியே வைத்திருப்பேன், நீங்களே உருவித் தொட்டுப் பாருங்கள்.