பைக்குப் பொருத்தமான முதுகு

(தம்பி ஒரு பெரிய கேமரா பையை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்கிறான். மலையேற்றத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அக்கா வருகிறாள்.)

அக்கா: எதற்குடா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?

தம்பி: பை பின்னால் இழுக்கிறது அக்கா, விட்டால் மல்லாந்துவிடுவேன். மூன்று நாள் மலையில் நடக்கப் போகிறோம் இல்லையா, அதற்குப் பழகுகிறேன்.

அக்கா: எதைப் பார்த்து இதை வாங்கினாய்?

தம்பி: 17 அறை! இரண்டு கேமரா, ஐந்து லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் அடங்கும். ஒவ்வொரு லென்ஸையும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் வாங்கினேன்.

அக்கா: முதுகை அளந்தாயா?

தம்பி: முதுகு உள்ளே வைக்கிற பொருள் இல்லையே.

அக்கா: கழற்றிவிட்டுத் தலையைக் குனி. பிடரியில் துருத்துகிறதே ஒரு எலும்பு, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரைக்கும் டேப்பை முதுகோடு ஒட்டிப் பிடித்தால்... 44 சென்டிமீட்டர். இந்தப் பை 50க்கு மேல் நீளமுள்ள முதுகுக்குத் தைத்தது.

தம்பி: நான் ஆறடி ஆள் அக்கா!

அக்கா: அதெல்லாம் உன் காலில் இருக்கிறது, பைக்கு உன் கால் எதற்கு? அதனால்தான் பெல்ட் இடுப்பில் உட்காராமல் கீழே தொங்குகிறது.

தம்பி: பை ஆடாமல் இருக்கத்தானே பெல்ட்?

அக்கா: அதுதான்டா சுமைதாங்கியே! பாரத்தில் பெரும்பங்கு இடுப்பெலும்பின் மேல் இறங்க வேண்டும், தோள் வார் பையை முதுகோடு அணைத்துப் பிடித்தால் போதும். நீயோ மொத்தப் பாரத்தையும் இரண்டு தோளில் ஏற்றிவிட்டு, நெஞ்சு கிளிப்பையும் தொண்டை வரை தூக்கி இறுக்கி வைத்திருந்தாய், பாதி மலையில் மூச்சு எங்கிருந்து வரும்?

தம்பி: வீட்டிலேயே சரியாக வரவில்லைதான்.

அக்கா: சரி, தோளுக்கு மேலே இரண்டு குட்டி வார் இருக்குமே, எங்கே?

தம்பி: அதுவா? சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, கத்தரித்துவிட்டேன்.

அக்கா: அடப் பாவி! பை பின்னால் சாயாமல் இழுத்துப் பிடிப்பதே அந்த வார்தான்!

தம்பி: அழகுக்கு வைத்தது என்று நினைத்தேன்.

அக்கா: தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுமே, அந்த 70-200 குண்டு லென்ஸை எங்கே வைத்தாய்?

தம்பி: வெளிப்பக்க அறையில். முதுகுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று உட்பக்கம் ஸ்வெட்டர்.

அக்கா: ஒன்றரை கிலோவை முதுகை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் மல்லாக்கத் தள்ளாமல் தாலாட்டா பாடும்? கனமானது முதுகை ஒட்டி, நடுவில் இருக்க வேண்டும். தண்ணீர்?

தம்பி: இடமில்லை. மலையில் ஓடை இருக்காதா?

அக்கா: ஓடை இருக்கும், எதில் பிடிப்பாய், லென்ஸ் மூடியிலா? சரி, மறுபடியும் மாட்டு. அதோ ஜன்னலில் ஒரு குருவி, படம் எடு பார்க்கலாம்.

(தம்பி நெஞ்சு கிளிப்பைத் தேடுகிறான், அப்புறம் பெல்ட். பையைத் தரையில் மல்லாக்கப் போட்டு ஒரு ஜிப்பைத் திறக்கிறான், மழை உறை. அடுத்ததில் சார்ஜர். அடுத்தது காலி. குருவி இறகைக் கோதி முடித்து, அவனைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பறக்கிறது.)

தம்பி: ஏழாவது அறையில் இருக்கிறது அக்கா, இல்லை, பதினொன்று.

அக்கா: இப்படி மல்லாக்கப் போட்டுத் திறந்தால் வழியிலிருக்கிற சேறெல்லாம் முதுகுப் பக்கம் ஒட்டும், அதைத்தான் நீ திரும்பவும் மாட்டிக்கொள்வாய். முதுகுப் பக்கமாகத் திறக்கிற பையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் கேமரா பையே வேண்டாம், முதுகுக்குச் சரியான சாதாரண மலையேற்றப் பையில் மெத்தை வைத்த கேமரா பெட்டி ஒன்றைச் செருகிக்கொண்டு, ஒரு கேமராவைத் தோள் வாரிலேயே கிளிப் போட்டு மாட்டிவிடு, குருவி போகிறதுக்குள் கைக்கு வரும். கடையிலேயே பாரத்தைப் போட்டு அரை மணி நேரம் நடந்து பார்த்து வாங்கு. லென்ஸ் இரண்டு போதும்.

தம்பி: மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளுமே.

அக்கா: முதுகு கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்ய முடியாது. இந்தப் பையை இன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வா.

தம்பி: (சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டு வாரை எடுத்துப் பார்த்தபடி) அக்கா, ஊசி நூல் எங்கே வைத்திருக்கிறாய்?