காற்றுப் பெட்டியில் ஓட்டை போட்ட மகராசன்

நான் கேட்டது ஒரே ஒரு வேலை. என் பழைய ஸ்பீக்கரில், பேஸ் என்கிற அடித்தொனியைப் பாடும் ஊஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் ரிங் உதிர்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். ரிங் மட்டும். மூன்று தடவை சொன்னேன். போதாததற்கு ஒரு பேப்பரில் எழுதி பாக்ஸ் மேல் ஒட்டிவிட்டும் வந்தேன். அந்தப் பேப்பர் மட்டும்தான் சேதாரமில்லாமல் திரும்பி வந்தது.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கிய ஜோடி. ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனியின் 2ஏஎக்ஸ் ஸ்பீக்கர், 1970-களில் அமெரிக்காவில் செய்தது. ஒன்றொன்றும் 15 கிலோவுக்குக் குறையாது. போர்வை சுற்றிப் பின் சீட்டில் படுக்க வைத்து, 20 கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவது போல இறக்கிக்கொண்டு வந்தேன். "இந்தக் காசுக்கு நல்ல சவுண்ட்பாரே வந்திருக்கும் மாமா" என்றான் மச்சினன். அவனை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபோம் உதிர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. அது பாலியூரித்தேன்; காற்றிலிருக்கும் ஈரமே அதைத் தின்றுவிடும். 15, 20 வருடம் தாங்கினால் பெரிய விஷயம். அப்புறம் விரல் பட்டாலே கறுப்புப் பிசுக்காகக் கையோடு வந்துவிடும். ஆனால் அதிர்ந்து சத்தம் எழுப்பும் பேப்பர் கோனில் ஒரு கிழிசல் இல்லை. கோனை ஆட்டும் செம்புக் கம்பிச் சுருளான காயிலை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் கோன் துள்ளியது. உயிரோடு இருந்த ஊஃபர் ஐயா அது!

கடை சேலத்துக்குள்தான். பெயர் வேண்டாம். பத்து நாள் கழித்துப் போனால் ஒரு பாக்ஸ் ரெடியாம். உள்ளே பளபளவென்று ஒரு கார் ஊஃபர். "300 வாட்ஸ் சார், சும்மா அதிரும்." பழசு எங்கேப்பா என்றேன். "அது எதுக்கு சார்? காயலான் கடைக்குப் போட்டாச்சு."

அதோடு விட்டிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பேன். முன்பலகையில் மூன்று அங்குலத்துக்கு வட்டமாக ஓட்டை. அதில் ஒரு பிவிசி பைப். "காத்து போக வழியே இல்லாம அடைச்சு வச்சிருக்கான் சார் வெள்ளைக்காரன். அதான் பேஸ் வரல. நான் வழி பண்ணிட்டேன்."

காற்று போகக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பெட்டியே! 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற மனிதர் அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே இந்த ஒரு யோசனையை நம்பித்தான். அதற்கு முன்னால் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். அவர் என்ன செய்தார் என்றால், கோனை வெளி விளிம்பில் தாங்கும் ரிங்கையும் உள்ளே காயிலைத் தாங்கும் ஸ்பைடரையும் வேண்டுமென்றே தளர்வாக விட்டார். கோனை இழுத்துப் பிடிக்கும் வேலையை உள்ளே அடைபட்ட காற்றிடம் ஒப்படைத்தார். உள்ளே போகும் கோனைக் காற்று தள்ளும், வெளியே போவதைத் திரும்ப இழுக்கும். காற்றுதான் அங்கே ஸ்பிரிங். அதனால்தான் அலமாரியில் வைக்கிற பெட்டியிலிருந்து அப்படி ஒரு பேஸ். ஓட்டை போட்டால் ஸ்பிரிங் போச்சு. சைக்கிள் டியூபைக் குத்திவிட்டு "காத்து போக வழி பண்ணிட்டேன்" என்று ஒருவன் வந்து நின்றால் அவனைச் சும்மா விடுவோமா?

இன்னும் இருக்கிறது. கீச்சுக் குரலைப் பாடும் சின்ன ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று அதையும் பிடுங்கிவிட்டு, பைஸோ என்கிற வேறு வகை ட்வீட்டரைத் திருகியிருந்தார். பிடுங்கியது மேஜை டிராயரில் கிடந்தது, கையோடு எடுத்து வந்தேன். வீட்டில் மீட்டர் வைத்தால் ட்வீட்டருக்கு ஒன்றுமே இல்லை! பெட்டியின் பின்னால் ட்வீட்டரைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. மலை ஈரத்தில் அதன் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்து, ட்வீட்டருக்குச் சத்தம் போகாமல் தடுத்திருந்தது. பழைய ஏ.ஆர். வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வார்கள். நைஸ் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. பாடிவிட்டது.

கோளாறு எங்கே என்று பார்க்கவே மாட்டார்களா? கழற்று, வீசு, புதுசு மாட்டு. முடிந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இது. சவுண்டு தெரிந்த கைகள் இருந்த ஊர். இன்றைக்கு ஸ்பீக்கர் என்றால் கார் டிக்கிக்குள் குதிப்பது என்றாகிவிட்டது.

நல்லவேளை, இரண்டாவது பாக்ஸில் அவர் கை வைத்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து நானே உட்கார்ந்தேன். 10 அங்குல ஃபோம் ரிங் வரவழைத்தேன். கோனின் நடுவை மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை அறுத்து, காயில் உரசாமல் நடுவில் நிற்க எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் சொருகி, பசை போட்டு ஒரு ராத்திரி காயவிட்டேன். எனக்குச் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தபேலாவில் பாயாவின் அடி அப்படியே வயிற்றில் இறங்குகிறது. இடது பக்கம் மட்டும்.

வலது பக்க ஊஃபருக்காக நான்கு காயலான் கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. காந்தம் தனி, செம்பு தனி, இரும்பு தனியாகப் பிரித்துவிட்டாராம். பேப்பர் குப்பையில் போய்விட்டதாம்.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். கடைசி வரியில் தனியாக எழுதியிருக்கிறார்: பைப் வேலை, 350 ரூபாய்.