அது குப்பை இல்லை

எங்கள் அடுக்ககக் குழுவில் இந்த வாரம் நடந்த பேச்சை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பெயிண்ட் வேலை என்று என் பழைய கணினியைக் கீழே, என் கார் நிறுத்தும் இடத்தில், துணி போர்த்தி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். மூன்றே நாள். திரும்பி வந்தால் மின்கழிவு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கேட்டதற்கு, "பழைய குப்பைக்கு இவ்வளவு பேச்சா?" என்று பதில். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு.

அது குப்பை இல்லை. பென்டியம் 3 செயலி, 128 எம்பி ராம், அதில் நெட்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம். போன ஞாயிற்றுக்கிழமை வரை ஓடிய இயந்திரம்.

2003-ல் அப்பாவோடு பெங்களூரில் கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினோம். எல்லாம் பழைய சாமான்தான். போர்டு ஒரு கடையில், கேபினெட் இன்னொரு கடையில். முதல் நாள் லினக்ஸ் இயங்குதளம் போட்டதும் திரை கறுப்பாகவே நின்றது. அப்போதெல்லாம் மானிட்டரின் அலைவெண்ணை நாமே கோப்பில் எழுத வேண்டியிருக்கும். அப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மானிட்டரைத் திருப்பி, டார்ச் அடித்து, பின்னால் ஒட்டியிருந்த எண்களைப் படித்தார். நான் தட்டச்சு செய்தேன். படம் வந்தபோது மணி இரண்டு. இயங்குதளத்தின் மையமான கர்னலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது விடிய விடிய ஓடும். நடுவில் கரண்ட் போகும். காலையில் மறுபடி மேக் (make) கட்டளை கொடுத்துத் தொடங்குவேன். இன்று நான் செய்யும் வேலைக்கு அந்தப் பெட்டிதான் பள்ளிக்கூடம்.

மின்சாரம் வீண் என்கிறார்கள். நியாயம்தான். அதனால்தான் ஞாயிறு மட்டும் போடுகிறேன். "விர்ச்சுவல் மெஷினில், அதாவது புதுக் கணினிக்குள் மென்பொருளால் ஆன கணினியில், போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்கிறவர்களுக்கு: அதை அலுவலகத்தில் தினமும் செய்கிறேன். வீங்கிப்போன கெபாசிட்டரைக் கண்டுபிடித்துக் கழற்றி வேறு வைக்க அதில் முடியுமா? டிஸ்க் சத்தம் மாறியதும் இது போகப்போகிறது என்று காதுக்குத் தெரியுமா?

யாருக்கு என்ன பயன் என்றும் ஒருவர் கேட்டார். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கியது யாரும் அதிகம் தொடாத ஒரு பிடிபி-7 இயந்திரத்தில். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் எழுதினார். என் பெட்டியிலிருந்து அப்படி எதுவும் பிறக்கப் போவதில்லை. பிறந்தால்தான் வைத்துக்கொள்ளலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ம் பதிப்பில் பழைய 32 பிட் பிசியில் அதை நிறுவுவதற்கான நிரலே கிடையாது. இந்த மாதிரி இயந்திரத்தை உயிரோடு வைத்திருப்பது இனி எங்களைப் போன்ற ஆட்கள்தான்.

அதே வண்டியில் லேப்டாப்களும் போயிருக்கின்றன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்றதும் நல்ல இயந்திரத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். என்னிடம் கொடுத்திருந்தால் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பேன். மூன்றாவது மாடி அம்மாவுக்கு அப்படித்தான் கொடுத்தேன். இன்றும் அதில்தான் பேத்தியோடு வீடியோவில் பேசுகிறார். அதைக் குழுவில் ஒருவர்கூட நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

சரி, மின்கழிவைச் சேர்ப்பது நல்ல காரியம். நானே பேட்டரிகளைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு போன். "இது உங்களுடையதா?" என்று ஒரு கேள்வி. இருபது வருடமாக இதே கட்டடத்தில் இருக்கிறேன், என் எண் எல்லோரிடமும் இருக்கிறது.

கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில், போர்டின் அமைப்பை மாற்றும் சின்ன ஜம்பர் செருகிகளில் எதை எங்கே போட வேண்டும் என்று அப்பா மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தார். தமிழில். அவர் போய் ஆறு வருடமாகிறது. நான் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை.

சனிக்கிழமை வந்த அந்த வண்டி எந்தக் கிடங்குக்குப் போனது என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வெளிர்மஞ்சள் கேபினெட், முன்பக்கம் ஃப்ளாப்பி மூடி உடைந்திருக்கும். நாளை விடுப்பு போட்டிருக்கிறேன், எங்கே என்றாலும் நேரில் போய்த் தேடுகிறேன்.