எண்ணும் கருவியை விட்டுவிட்டீர்களே

ஒரு கணுக்காலில் வளையத்தை மாட்டி, அதன் நுனியிலுள்ள குண்டைச் சுழற்றி, மறு காலால் தாண்டி விளையாடும் ஸ்கிப்-இட், 90களில் புதிதாகப் பிறந்த பொம்மை என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. டைகர் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் 80களிலேயே அதை விற்கத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பு, 70களில், அமெரிக்கப் பிள்ளைகள் லெமன் ட்விஸ்ட் என்ற ஒன்றைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு குதித்தார்கள். நுனியில் மஞ்சள் எலுமிச்சம்பழம் தொங்கும். ஒரு கால் சுழற்றும், மறு கால் தாண்டும். ஆட்டம் அதேதான்.

90களில் வந்தது வேறு: நுனிக் குண்டிலேயே சுற்றுகளை எண்ணும் கருவி. அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே என்பதுதான் என் ஆதங்கம். பெரிய கயிற்றைச் சுழற்றித் தாண்டும் ஆட்டம் என்றால் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், எண்ணிச் சொல்லவும் ஒருத்தி வேண்டும். இதற்கு யாரும் வேண்டாம். நியூஜெர்சியில் குடியேறிய புதிதில் என் மகளுக்குத் தோழிகளே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு வாசலில் இறங்கிவிடுவாள். நேற்று 80 என்றால் இன்று 100. குண்டு கணுக்கால் எலும்பில் பட்டால் உயிர் போகும். இருந்தும் விட மாட்டாள்.

2011இல் டைம் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 100 பொம்மைகள் பட்டியலில் இதுவும் இருந்தது. அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.